தடுப்புக் கம்பி வரை: ஸ்பிரிங்ஸ்டீன் ஸ்டேடியம் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஸ்டேடியம் கச்சேரிக்கு, புல்தரையில் நிற்பதற்கான டிக்கெட் வாங்கியிருந்தால் அதில் இருக்கை எண் இருக்காது. மேடைக்கு முன்னால் உள்ள தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா, அதற்கு அறுபது மீட்டர் பின்னால் நின்று திரையைப் பார்ப்பதா என்பதை வாசலில் நடக்கும் ஒரு ஏற்பாடுதான் முடிவு செய்கிறது. அந்த ஏற்பாடு ஊருக்கு ஊர் மாறும். அது தெரியாமல் போய் ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு சுற்றுப்பயணத்திலும் இருக்கிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐரோப்பாவில் நடப்பது ரோல் கால். இதை ரசிகர்களே நடத்துகிறார்கள். முதலில் வந்து சேரும் சிலர் ஒரு நோட்டைத் திறந்து, வருகிறவர்களின் பெயரை வரிசையாக எழுதி எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் கையில் எழுதிவிடுவார்கள். அதன் பிறகு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவித்த நேரங்களில் பெயர் வாசிக்கும்போது நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். பஸ் தாமதம், பசி, தூக்கம் எதுவும் காரணமாக ஏற்கப்படாது. இது கொடுமை என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். எனக்கு இதைவிட நியாயமான முறை தெரியவில்லை. ஒரு சலுகை கொடுத்தால் அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டால் நோட்டுக்கு மதிப்பில்லை. நோட்டுக்கு மதிப்பு போனால், வாசல் திறந்ததும் ஓடி இடம் பிடிப்பதுதான் மிஞ்சும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, ஒரே ஸ்டேடியத்தின் இரண்டு வாசல்களில் இரண்டு நோட்டுகள் ஓடுவது. நிற்கும் டிக்கெட்டில் அச்சிட்ட வாசல் எண்ணைப் பார்த்து, அந்த வாசலில் உள்ள பட்டியலில்தான் சேர வேண்டும். இரண்டாவது, ஸ்டேடியம் ஊழியர்கள் ரசிகர்களின் பட்டியலை ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் ஏற்பார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய வேலையைக் குறைக்கிறது. ஆனால் பட்டியலை நடத்துகிறவர்கள் காலையிலேயே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பேசி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடப்பது: சன்ஸ்கிரீனும் சானிடைசரும் மார்க்கர் மையைக் கரைத்துவிடும். எண் எழுதிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தடவுங்கள். எழுதியதும் கையை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

அமெரிக்காவில் பல வருடங்களாக வழக்கத்தில் இருந்தது குலுக்கல். குறிப்பிட்ட நேரத்துக்குள் வருகிற எல்லோருக்கும் எண் போட்ட கைப்பட்டை கட்டுவார்கள். நேரம் முடிந்ததும் ஒரு எண்ணை எடுப்பார்கள். வரிசை அந்த எண்ணிலிருந்து தொடங்கும். உதாரணமாக 600 பட்டைகள் கொடுத்து 412 வந்தால், 412 முதல் 600 வரை முதலில், அதன் பிறகு 1 முதல் 411 வரை. 411ஆம் எண்காரர்தான் கடைசி. ஆகவே குலுக்கல் நடக்கும் இடத்தில் விடியற்காலையில் போய் நின்று எந்தப் பயனும் இல்லை. முதல் பட்டை உங்கள் கையில் இருந்தாலும் நடுவில் நிற்க நேரலாம். நேரம் முடிவதற்குள் போனால் போதும், ஆனால் ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள். சேர்ந்து நிற்க நினைக்கும் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று அடுத்தடுத்த எண்களை வாங்குங்கள். எண்ணை எடுத்த பிறகு இடம் மாற்றிக்கொள்ள முடியாது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1979 டிசம்பர் 3ஆம் தேதியைச் சொல்ல வேண்டும். சின்சினாட்டி நகரின் ரிவர்ஃப்ரண்ட் கொலீசியத்தில் தி ஹூ குழுவின் கச்சேரி. பெரும்பாலும் இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுகள். முதலில் வருகிறவருக்கு முதல் இடம் என்பதால் வாசலில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நின்றார்கள். உள்ளே கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்து முன்னால் தள்ளினார்கள். திறந்திருந்ததோ சில கதவுகள் மட்டும். 11 பேர் இறந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே நகரம் எண்ணில்லாத இருக்கை முறையைத் தடை செய்தது. 2004 வரை அந்தத் தடை இருந்தது. அதில் 2002 நவம்பரில் ஒரே ஒரு கச்சேரிக்காக விலக்குக் கொடுத்தார்கள். அது ஸ்பிரிங்ஸ்டீனுடையது. ரோல் காலில் கைதூக்கி நிற்கும்போது அலுப்பாக இருந்தால் இந்த இரண்டு தேதிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உடம்பு. காலை எட்டு மணிக்கு வரிசையில் சேர்ந்து, மாலை நாலு அல்லது ஐந்து மணிக்கு உள்ளே போய், ஏழரை மணிக்குப் பாட்டு தொடங்கி, மூன்று மணி நேரம் கழித்து முடியும் கச்சேரி இது. ஸ்டேடியம் கச்சேரிகளில் அவருக்கு முன்னால் பாட வேறு குழு பெரும்பாலும் இருக்காது. இடைவேளையும் கிடையாது. 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் 4 மணி 6 நிமிடம் பாடினார். அதுதான் அவருடைய மிக நீண்ட கச்சேரி. அதற்குச் சில மணி நேரம் முன்பே மேடைக்கு வந்து, சீக்கிரம் உள்ளே வந்திருந்தவர்களுக்காக அக்கூஸ்டிக் கிதாரில் சில பாட்டுகள் பாடிவிட்டுப் போனார். ஆக, பதினைந்து மணி நேரம் காலில் நிற்க உடம்பு தயாராக இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும் என்று காலையிலிருந்தே குடிக்காமல் இருப்பது ஒன்று. மாலை வெயிலில் மயங்கி, தடுப்புக்கு மேல் தூக்கி வெளியே எடுக்கப்படுகிறவர்களில் பலர் இவர்கள்தான். கதவு திறக்கும் நேரத்தில் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பது இன்னொன்று. காலை முதல் கொஞ்சம் கொஞ்சமாக, உப்பு கலந்த ஏதாவது தின்பண்டத்தோடு குடியுங்கள். உள்ளே போவதற்கு அரை மணி முன்பு கழிவறைக்குப் போய் வாருங்கள். அதன் பிறகு சின்ன மடக்குகள் போதும். உள்ளே போனதும் உட்காருங்கள். பிட்டில், அதாவது மேடைக்கு முன்னால் தடுத்து வைத்த நிற்கும் பகுதியில், எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் இடம் போகாது. ஒருவர் எழுந்தால்தான் எல்லோரும் எழுவார்கள். பழைய ரசிகர்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி உட்கார வைப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

செருப்பு வேண்டாம். ஏற்கனவே போட்டுப் பழகிய, முன்பக்கம் மூடிய ஷூ. குடை அனுமதிக்க மாட்டார்கள், அனுமதித்தாலும் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பை விஷயத்தில் ஐரோப்பிய ஸ்டேடியங்கள் பலவற்றில் ஏ4 தாள் அளவுதான் வரம்பு. அமெரிக்காவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பை மட்டும் என்ற விதி பரவலாக இருக்கிறது. பெரிய பையோடு போனால் அதை எங்காவது வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். திரும்பி வருவதற்குள் வரிசையில் உங்கள் எண் உள்ளே போயிருக்கும். டிக்கெட்டை முதல் நாளே போனின் வாலெட்டில் இறக்கி வையுங்கள். ஐம்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் முதலில் படுக்கும். பார்கோடு சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறும் டிக்கெட்டுகளுக்கு ஸ்கிரீன்ஷாட் வேலை செய்யாது. பவர் பேங்க் கட்டாயம்.

கதவு திறந்ததும் ஓடாதீர்கள். டிக்கெட் ஸ்கேன், பை சோதனை, உடல் சோதனை என்று மூன்று கட்டங்கள். பாக்கெட்டில் உள்ள சாவி, காசு எல்லாவற்றையும் முன்பே பையில் போட்டுக்கொண்டவர் ஓடுகிறவரைவிட முன்னால் போய்விடுவார். பல இடங்களில் ஊழியர்களே வரிசையின் முன்னால் கயிறு பிடித்து மேடை வரை நடத்திக்கொண்டு போவார்கள்.

உள்ளே போனதும் எந்த இடம்? கம்பிதான் எல்லோருக்கும் கனவு. ஆனால் கம்பியில் கேட்பதும் ஸ்டேடியத்தில் கேட்பதும் வேறு வேறு ஒலி. மேடையின் இரண்டு பக்கமும் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைகள் உங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் உள்ளவர்களை நோக்கிப் பாடுகின்றன. கம்பியில் நிற்பவருக்குக் குரல் வருவது மேடை விளிம்பில் வைத்த சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து. அதோடு மேடையின் முன் அடுக்கிய சப் ஊஃபர்களின் பாஸ் நேராக நெஞ்சில் அடிக்கும். குழுவின் டிரம்மர் மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம்ஸ் ஒலி மைக் இல்லாமலே கொஞ்சம் வந்து சேரும். முகம் பார்க்க வேண்டும், வியர்வை பார்க்க வேண்டும் என்றால் அதுதான் இடம். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் மிக்ஸிங் டெஸ்க் கூடாரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டை ஒட்டி நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் தன் காதால் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்தின் ஒலியைத்தான். சரியாக நடுக்கோட்டில் மட்டும் பாஸ் குவிந்து கனமாக இருக்கும், ஏனென்றால் இடது வலது சப்களின் அலைகள் அங்கே ஒன்றுசேர்கின்றன. பக்கவாட்டில் சில மீட்டர் நகர்ந்தால் இலகுவாகிவிடும்.

இன்னும் பின்னால் போனால் வேறொரு பிரச்சினை. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி வந்து சேர 0.29 வினாடி ஆகும். திரையில் குச்சி டிரம்ஸில் விழுவதைப் பார்த்த பிறகே சத்தம் கேட்கும். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டில் ஒரு தாளத்தின் நீளம் அரை வினாடி. அதாவது பின்னால் நிற்பவர் பாதித் தாளத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறார். முழு ஸ்டேடியமும் கை தட்டும்போது அது ஒரே அடியாக விழாமல், மேடையிலிருந்து பின்னோக்கி அலையாக ஓடுவது இதனால்தான். யாரும் தாளம் தெரியாதவர்கள் இல்லை. மைதான நடுவில் ஸ்பீக்கர்களைத் தாங்கி நிற்கும் டிலே டவர்கள் சமாளிப்பதும் இந்தத் தாமதத்தைத்தான். மேடையிலிருந்து 60 மீட்டரில் ஒரு டவர் இருந்தால், அதற்குப் போகும் ஒலியை 175 மில்லிவினாடி தாமதப்படுத்தி, மேலும் பத்துப் பதினைந்து மில்லிவினாடி சேர்ப்பார்கள். முதலில் காதுக்கு வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அங்கேதான் பாடகர் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். அதனால் டவர் பக்கத்தில் நின்றாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். பகல் 30 டிகிரியில் சரிசெய்த தாமதம் இரவு 20 டிகிரியில் சற்றே தவறாகும். 100 மீட்டருக்கு 5 மில்லிவினாடி வித்தியாசம். காற்றடித்தால் உயர்ந்த ஒலிகள் மட்டும் வந்து வந்து போகும். அது யாருடைய தவறும் இல்லை. பின்னால்தான் இடம் கிடைத்தது என்றால் டவருக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் நில்லுங்கள், டவருக்கு நேர் முன்னால் வேண்டாம்.

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். கச்சேரியோ மூன்று மணி நேரம். 15 டெசிபல் குறைக்கும் அடைப்பான் போட்டால் மறுபடி 85க்கு வந்துவிடும். பஞ்சு போன்ற ஃபோம் வகையை மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை. ஃபோம் உயர்ந்த ஒலிகளை அதிகமாக விழுங்கும், சாக்ஸபோன் மங்கிவிடும். வடிகட்டி வைத்த இசை அடைப்பான்கள் எல்லா ஒலியையும் கிட்டத்தட்டச் சமமாகக் குறைக்கும். ஒரு முறை செலவு, பல வருடம் வரும்.

பிட்டில் கூட்டம் நெருங்கும்போது என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை சங்கடமில்லை. ஆறேழு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர்போல் நடந்துகொள்ளும். பின்னால் ஒருவர் தடுமாறினால் அந்த அலை முன்னால் வரை வரும். இப்படிப்பட்ட விபத்துகளில் பெரும்பாலானோர் மிதிபட்டு இறப்பதில்லை, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு அடைத்து இறக்கிறார்கள். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மேடைக்கு முன்னுள்ள பகுதியைத் தனித் தனி அடைப்புகளாகத் தடுத்து, எண்ணி உள்ளே விடும் வழக்கம் பரவலானது. ஸ்டேடியத்தில் பிட்டுக்குப் பின்னால் இரண்டாவது தடுப்பு இருப்பதும் இதற்காகத்தான். பின்னால் உள்ள பல்லாயிரம் பேரின் எடை முன்னால் வராமல் அது நிறுத்துகிறது. முன் தடுப்பின் அடித்தகடு கூட்டத்தின் பக்கம் நீண்டிருக்கும். நீங்கள் அதன்மேல் நிற்கும் எடையே தடுப்பு சாயாமல் பிடிக்கிறது.

கைகளை எப்போதும் நெஞ்சுக்கு முன்னால், குத்துச்சண்டைக்காரர்போல் மடித்து வையுங்கள். இறுகும்போது கை கீழே சிக்கிக்கொண்டால் பிறகு மேலே எடுக்க முடியாது. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வையுங்கள். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் கூடவே போய், அது தணியும்போது குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். போன் விழுந்தால் குனியாதீர்கள். சொந்தக் காலால் நிற்கவில்லை, கூட்டம் உங்களைத் தூக்கி நிறுத்துகிறது என்று உணர்ந்தால் அப்போதே வெளியே வர வேண்டும், அடுத்த பாட்டு வரை பொறுக்கக் கூடாது. தடுப்புக்கு உள்ளே நிற்கும் பாதுகாவலரின் கண்ணைப் பார்த்து இரண்டு கையையும் தூக்குங்கள், இழுத்து எடுத்துவிடுவார். ஸ்பிரிங்ஸ்டீன் கூட்டம் முட்டி மோதும் கூட்டம் இல்லை. வயதானவர்களும் குழந்தைகளும் கம்பியில் நிற்பதை எப்போதும் பார்க்கலாம். அதனாலேயே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதிகம்.

குதிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1958 உலகக் கோப்பைக்காகக் கட்டிய உல்லேவி ஸ்டேடியம் களிமண் நிலத்தின்மேல் நிற்கிறது. 1985 ஜூனில் அங்கே ஸ்பிரிங்ஸ்டீன் இரண்டு இரவுகள் பாடினார். கூட்டம் ஒரே தாளத்தில் குதித்தது. மனிதர்கள் தாளத்துக்குக் குதிப்பது வினாடிக்கு இரண்டு மூன்று முறை. ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அதைச் செய்தால் அந்த அதிர்வு மென்மையான களிமண்ணில் இறங்கிப் பெரிதாகும். ஸ்டேடியத்தின் கட்டுமானம் சேதமடைந்து, பிறகு அடித்தளத்தைப் பலப்படுத்த வேண்டி வந்தது. அதற்காக ஊர் அவர்மேல் கோபப்படவில்லை. 2023 ஜூனில் அதே உல்லேவியில் மூன்று இரவுகள் பாடினார்.

வேண்டிய பாட்டின் பெயரை எழுதி அட்டை பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 2009 சுற்றுப்பயணத்தில் அவர் கூட்டத்திலிருந்து அட்டைகளை வாங்கிக் குவித்து, அதிலிருந்து எடுத்துப் பாடுவது கச்சேரியின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2023இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் பாட்டுப் பட்டியல் பெரும்பாலும் நிலையாக இருந்ததால் வாய்ப்பு குறைந்தது. இருந்தாலும் கொண்டுபோவதென்றால், 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் உயர எழுத்து என்ற கணக்கை வையுங்கள். 15 மீட்டரிலிருந்து படிக்க 12 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். வெள்ளையில் கறுப்பு, மூன்று நாலு சொற்கள், கம்பு கூடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டும் தூக்கி உடனே இறக்குங்கள். பாட்டு முழுக்கப் பிடித்து நிற்பவர் பின்னால் உள்ள இருபது பேருடைய கச்சேரியைத் திருடுகிறார்.

முதல் முறை போகிறவர்களைக் குழப்பும் ஒன்று: கூட்டம் ஊளையிட்டு எதிர்ப்புக் காட்டுவதுபோல் கேட்கும். அது "புரூ…ஸ்" என்று அவர் பெயரை இழுத்துக் கூப்பிடுவது.

டிக்கெட் விலையைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் இருக்க முடியாது. 2022 ஜூலையில், தேவைக்கேற்ப விலை ஏறும் முறையில் சில அமெரிக்க டிக்கெட்டுகள் 4,000, 5,000 டாலர் வரை போயின. 1980 முதல் நடந்துவந்த பேக்ஸ்ட்ரீட்ஸ் என்ற ரசிகர் இதழ் 2023 பிப்ரவரியில் தன்னை மூடிக்கொண்டது, அந்த மனக்கசப்போடுதான். அந்தக் காயம் பல பழைய ரசிகர்களிடம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கடைசியாக, முடிவு நேரம். 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் பால் மெக்கார்ட்னியோடு பாடி முடித்த கையோடு மைக்குகளை அணைத்துவிட்டார்கள், அனுமதித்த நேரம் தாண்டிவிட்டது என்பதால். எல்லா ஊரிலும் இப்படி ஒரு நேர வரம்பு உண்டு. அதைப் பார்த்து அதன் பிறகு கிளம்பும் கடைசி ரயிலைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கிளம்பாதீர்கள். மற்ற கச்சேரிகளில் ஸ்டேடியத்தின் பெரிய விளக்குகள் எரிந்தால் முடிந்தது என்று அர்த்தம். இவருடைய கச்சேரியில் விளக்குகளை எரியவிட்டுக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கடைசிப் பாட்டுகளைப் பாடுவார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து வாசலுக்கு நகர்ந்தவர்கள் அரை மணி நேரப் பாட்டைப் படிக்கட்டில் நின்று கேட்கிறார்கள். 2023இல் தொடங்கிய சுற்றுப்பயணத்திலோ, குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து வழியனுப்பிவிட்டு, ஒரு அக்கூஸ்டிக் கிதாரோடு தனியாகத் திரும்பி வந்து இன்னொரு பாட்டு பாடினார். கிதார் ஸ்டாண்டை ஊழியர்கள் மேடையிலிருந்து எடுக்கும் வரை கம்பியை விடாதீர்கள்.